சிறு கணிப்பொறியும் பல பணிகளும்: ஓர் இயக்க அமைப்பு உருவான வரலாறு

போலந்து நாட்டில் விஸ்துலா ஆற்றங்கரையில் புவாவி என்னும் ஊர் உள்ளது. 1960-களில் அங்கே ஒரு பெரிய நைட்ரஜன் உரத் தொழிற்சாலை எழுந்தது. உரத் தொழிற்சாலையில் வேலை ஒரு கணமும் நிற்பதில்லை. குழாய்களில் ஓடும் வாயுவின் அழுத்தம், கலன்களின் வெப்பநிலை, மூலப்பொருள்கள் பாயும் அளவு ஆகியவற்றை இரவு பகலாகக் கவனித்துவர வேண்டும். அளவு மீறினால் உடனே எச்சரிக்க வேண்டும். நேர்ந்தவற்றை ஒழுங்காகப் பதிவு செய்ய வேண்டும். இப்பணிக்கு ஒரு கணிப்பொறியை அமர்த்த முடிவு செய்யப்பட்டது. அப்பொறுப்பு டென்மார்க்கைச் சேர்ந்த ஹால்டோர் டாப்ஸோ நிறுவனத்தின் வழியாக, அதே நாட்டின் ரெக்னசென்ட்ராலன் என்னும் கணிப்பொறி நிறுவனத்தை வந்தடைந்தது. இதற்கென உருவான கணிப்பொறியே ஆர்.சி. 4000.

இப்பொறிக்காக 1969-இல் நிறைவு செய்யப்பட்ட இயக்க அமைப்பு, அளவில் மிகச் சிறியது. ஆயினும் இன்று உலகெங்கும் உள்ள கணிப்பொறிகள் இயங்கும் முறையை ஆராய்வோர் அதனைத் தவறாமல் குறிப்பிடுகின்றனர். சிறிய நாடு ஒன்றில், சிலரே சேர்ந்த குழு ஒன்று, குறைந்த வசதிகளைக் கொண்டு அதனை எவ்வாறு வடிவமைத்தது என்பது வளரும் நாடுகளுக்கும் பயன்தரும் செய்தியாகும்.

வேகமும் காத்திருப்பும்

கணிப்பொறி செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கூறும் கட்டளைத் தொகுப்புக்குப் புரோகிராம் என்று பெயர். ஆர்.சி. 4000 ஒரு கட்டளையை நிறைவேற்ற எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ 4 மைக்ரோ வினாடி. அதாவது ஒரு வினாடியில் சுமார் இரண்டரை லட்சம் கட்டளைகள். ஆனால் அதனுடன் இணைக்கப்பட்ட தட்டச்சுப் பொறியின் வேகம் வேறு. அக்காலத் தட்டச்சுப் பொறி ஒன்று வினாடிக்குப் பத்து எழுத்துகளை அடிக்கும் எனக் கொள்ளலாம். ஓர் எழுத்து அடித்து முடிவதற்குள் கணிப்பொறி 25,000 கட்டளைகளை முடித்திருக்கும். அது வெறுமனே காத்திருக்குமானால், விலைமிக்க ஒரு பொறியின் நேரம் அத்தனையும் வீணே.

இவ்வீணைத் தடுக்கப் பிறந்ததே பல்புரோகிராம் முறை. நினைவகத்தில் ஒரே சமயத்தில் பல புரோகிராம்கள் இருக்கும். ஒன்று அச்சுப் பொறிக்காகக் காத்திருக்கையில் மற்றொன்று கணக்கிடும். காகித நாடா படிக்கப்பட்டு முடிந்தவுடன், அதனை நாடிய புரோகிராம் மீண்டும் எழும். திருமண வீட்டுச் சமையற்காரர் ஓர் அடுப்பில் பருப்பு வேகும்போது மறுபுறம் காய் நறுக்குவதைப் போன்றது இது. பணியாளர் ஒருவரே, நடக்கும் வேலைகள் பல.

இம்முறையில் ஆபத்துகளும் உண்டு. ஒரு புரோகிராம் மற்றொன்றின் நினைவிடத்தில் தவறுதலாக எழுதிவிடலாம். இரண்டு புரோகிராம்கள் ஒரே அச்சுப் பொறியைப் பிடித்துக்கொண்டு, இதன் வரியும் அதன் வரியும் கலந்து அச்சாகலாம். ஒன்றையொன்று எதிர்நோக்கி இரண்டுமே என்றென்றும் நின்றுவிடலாம். உரத் தொழிற்சாலையில் இத்தகைய பிழை எச்சரிக்கை மணியை ஊமையாக்கிவிடும். இவற்றை ஒழுங்குபடுத்தும் தலைமைப் புரோகிராமே இயக்க அமைப்பு எனப்படுகிறது.

டென்மார்க்கின் முயற்சி

ரெக்னசென்ட்ராலன் 1955-இல் தோன்றியது. 1950-களின் பிற்பகுதியில் டாஸ்க் என்னும் பொறியையும், பின்னர் கியர் என்னும் பொறியையும் அது உருவாக்கியது. அல்கால் 60 என்னும் கணிப்பொறி மொழியின் புகழ்பெற்ற அறிக்கையைத் தொகுத்த பீட்டர் நவுர் அங்கே பணியாற்றியவரே. 1938-இல் பிறந்து, டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயின்ற பெர் பிரிஞ்ச் ஹான்சன் 1963-இல் அந்நிறுவனத்தில் சேர்ந்தார்.

புவாவித் தொழிற்சாலைக்கான முதல் கட்டுப்பாட்டு அமைப்பு அப்பணிக்கு மட்டுமே ஏற்றதாக எழுதப்பட்டது. அவ்வேலையில் பிரிஞ்ச் ஹான்சனுடன் பீட்டர் கிராஃப்டும், ஹங்கேரியிலிருந்து வந்திருந்த சார்லஸ் சிமோனி என்னும் இளைஞரும் ஈடுபட்டனர். பதின்வயதைக் கடந்திராத அந்த இளைஞரே பிற்காலத்தில் அமெரிக்காவில் பெயர்பெற்ற மென்பொருள் வல்லுநரானார். இவ்வமைப்பு பற்றிய கட்டுரை 1967-இல் வெளிவந்தது.

அடுத்து எழுந்த கேள்வி கடினமானது. ஆர்.சி. 4000 பொறியை வாங்குவோர் எல்லாரும் உரம் தயாரிப்பவர் அல்லர். பல்கலைக்கழகம் ஒன்று மாணவர்களின் கணக்குகளைத் தொகுதி தொகுதியாகச் செய்ய விரும்பும். அலுவலகம் ஒன்று பலர் தனித்தனித் தட்டச்சுப் பொறிகளில் அமர்ந்து ஒரே நேரத்தில் பயன்படுத்த விரும்பும். தொழிற்சாலைக்கோ உடனடி மறுவினை வேண்டும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புதிய இயக்க அமைப்பை எழுதுவது சிறு நிறுவனத்தால் இயலாத காரியம். எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பெரிய அமைப்பை எழுதுவதோ அதைவிடக் கடினம்.

பெரிய நிறுவனங்கள் இக்கடினத்தை அப்போது நேரில் கண்டுகொண்டிருந்தன. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ். 360 என்னும் இயக்க அமைப்பு குறித்த காலத்தில் முடியாமலும் பிழைகள் மலிந்தும் இருந்தது. 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் கூடிய வல்லுநர் மாநாடு, மென்பொருள் துறையின் நெருக்கடியை வெளிப்படையாக விவாதித்தது. அதே ஆண்டில் நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, அடுக்கடுக்காகக் கட்டப்பட்ட தம் சிறு இயக்க அமைப்பைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். எளிமையே நம்பகத்துக்கு வழி என்னும் கருத்து வலுப்பெறத் தொடங்கிய காலம் அது.

எதை விடுவது என்னும் முடிவு

பிரிஞ்ச் ஹான்சன், யோர்ன் யென்சன், சோரன் லாவசன் ஆகிய மூவரும் பல்புரோகிராம் அமைப்பின் வடிவத்தை வகுத்தனர். கட்டளைகளை எழுதத் தொடங்குமுன், பிரச்சினையின் அடிப்படையை விளங்கிக்கொள்வதில் அவர்கள் நீண்ட காலம் செலவிட்டனர். இறுதியில் அவர்கள் கேட்டுக்கொண்ட கேள்வி, இயக்க அமைப்பு எவற்றையெல்லாம் செய்ய வேண்டும் என்பதன்று. எவற்றைச் செய்யாமலே விட்டுவிடலாம் என்பதே.

எந்த வேலைக்கு முன்னுரிமை, எவரை எப்போது நினைவகத்திலிருந்து வெளியேற்றுவது, எவருக்கு எவ்வளவு நேரம் என்பவையெல்லாம் இடத்துக்கு இடம் மாறும் கொள்கைகள். ஆனால் புரோகிராம்களைத் தோற்றுவிப்பது, இயக்குவது, நிறுத்துவது, நீக்குவது, அவை ஒன்றோடொன்று பேச வழிசெய்வது என்பவை எங்கும் தேவையான கருவிகள். கருவிகளை மட்டும் மையத்தில் வைத்து, கொள்கைகளை வெளியே விட்டுவிடுவது என அவர்கள் முடிவு செய்தனர். இம்மையப் பகுதிக்கு உட்கரு எனப் பெயரிட்டனர். வெவ்வேறு இயக்க அமைப்புகளை இவ்வுட்கருவின் மேல், சாதாரணப் புரோகிராம்களைப் போலவே எழுதிக்கொள்ளலாம். இயங்கும் கணிப்பொறியை நிறுத்தாமலே ஓர் இயக்க அமைப்பை நீக்கி மற்றொன்றை அமர்த்தவும் இயலும்.

இயக்கத்தில் உள்ள ஒரு புரோகிராமைச் செயலோட்டம் எனலாம். பல செயலோட்டங்கள் முறைவைத்து இயங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் 25 மில்லி வினாடி கிடைக்கும். அது முடிந்ததும் அடுத்ததன் முறை வரும். இந்த எளிய சுழற்சியைத் தவிர வேறெந்தப் பங்கீட்டுக் கொள்கையையும் உட்கரு வற்புறுத்துவதில்லை.

கைகாட்டி ஏன் போதவில்லை

ஒன்றோடொன்று இணைந்து வேலை செய்யும் செயலோட்டங்களை ஒழுங்குபடுத்த டைக்ஸ்ட்ரா ஏற்கெனவே ஒரு வழி கண்டிருந்தார். அதற்கு அவர் செமஃபோர், அதாவது கைகாட்டி, என்று பெயரிட்டார். ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு வண்டி செல்லும்போது மற்றொன்றைக் கைகாட்டி நிறுத்துவது போல, பொதுவான ஒரு பொருளை ஒரு செயலோட்டம் கையாளும்போது மற்றவற்றை அது காத்திருக்கச் செய்யும்.

இம்முறை ஒழுங்காக நடக்க, ஒவ்வொரு ஓட்டுநரும் கைகாட்டியை மதிக்க வேண்டும். ஒரே குழு எழுதிய புரோகிராம்களிடையே இவ்வொழுக்கத்தை எதிர்பார்க்கலாம். ஆர்.சி. 4000-இன் நிலை வேறு. யார் யாரோ எழுதிய, பிழை நீங்காத புரோகிராம்கள் தோன்றுவதும் மறைவதுமாக இருக்கும். அவற்றுள் ஒன்று கைகாட்டியைத் தாழ்த்திவிட்டு மீண்டும் உயர்த்த மறந்தால் பிறவும் நின்றுவிடும். ஆகவே, ஒன்றின் பிழை மற்றொன்றைத் தாக்காத ஒரு தொடர்புமுறை தேவைப்பட்டது.

பதிவுத் தபால் போன்ற ஏற்பாடு

அவர்கள் கண்ட தீர்வு செய்திப் பரிமாற்றம். இதில் நான்கு செயல்களே உள்ளன: செய்தி அனுப்புதல், செய்திக்குக் காத்திருத்தல், மறுமொழி அனுப்புதல், மறுமொழிக்குக் காத்திருத்தல்.

இதனைப் பதிவுத் தபாலோடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம். அனுப்புகிறவர் உறையைப் பெறுகிறவர் கையில் நேரே கொடுப்பதில்லை. தபால் அலுவலகத்தில் ஒப்படைக்கிறார். இங்கே தபால் அலுவலகம் உட்கருவே. அது தன் பொறுப்பில் உள்ள செய்திப் பெட்டிகளுள் காலியான ஒன்றில் செய்தியைப் படியெடுத்து வைத்து, பெறும் செயலோட்டத்தின் வரிசையில் சேர்க்கிறது. அனுப்பிய செயலோட்டம் உடனே தன் வேறு வேலையைப் பார்க்கச் செல்லலாம். பெற்றது தன் வரிசையிலிருந்து செய்தியை எடுத்துக் கேட்டதைச் செய்து, அதே பெட்டியில் மறுமொழியை வைக்கிறது. ஒப்புகைச் சீட்டு திரும்புவதைப் போல மறுமொழி அனுப்பியவரை அடைகிறது. பெட்டி மீண்டும் பொதுவில் சேர்கிறது.

இதில் உள்ள பாதுகாப்புகள் கவனிக்கத்தக்கவை. செய்தி படியெடுக்கப்படுவதால் ஒரு செயலோட்டம் மற்றொன்றின் நினைவிடத்தைத் தொட வேண்டியதில்லை. தனக்கு வராத செய்திக்கு எந்தச் செயலோட்டமும் மறுமொழி தர இயலாது. உட்கரு அதனைச் சரிபார்க்கிறது. பெறவேண்டிய செயலோட்டம் நீக்கப்பட்டிருந்தால், முகவரியில் ஆளில்லை எனத் தபால் திரும்புவது போல, உட்கருவே ஒரு மறுமொழியை உண்டாக்கி அனுப்புகிறது. ஆதலால் அனுப்பியவர் ஏமாந்து காத்திருக்க நேராது. ஒவ்வொரு செயலோட்டத்துக்கும் இத்தனை பெட்டிகள்தாம் என்ற வரம்பும் உண்டு. ஓயாமல் செய்தி அனுப்பும் ஒரு பிழையான புரோகிராம் தன் பங்கைத் தீர்த்துக்கொள்ளுமே தவிர, பிறரின் பங்கில் கைவைக்க முடியாது.

மற்றொரு நயமும் இதில் உண்டு. அச்சுப் பொறி, காந்த நாடா, தட்டச்சுப் பொறி, காந்த உருளையில் உள்ள கோப்புகள் ஆகிய யாவும் செயலோட்டங்களாகவே கருதப்பட்டன. அச்சிட விரும்பும் புரோகிராம், அச்சிட வேண்டிய பகுதி எங்குள்ளது என்று கூறும் செய்தியை அச்சுப் பொறிக்கு அனுப்பி மறுமொழிக்குக் காத்திருந்தால் போதும். மறுமுனையில் இருப்பது ஒரு கருவியா மற்றொரு புரோகிராமா என்று அது அறிய வேண்டியதில்லை. ஆகவே, இன்று நேரே அச்சுப் பொறிக்குச் செல்லும் செய்திகளை, நாளை ஒரு புரோகிராம் இடையில் பெற்றுத் திரட்டி வைத்து அச்சிடுமாறு மாற்றியமைப்பதும் எளிதாயிற்று.

தந்தையின் பங்கு, பிள்ளைகளின் பங்கு

நினைவிடத்தையும் செய்திப் பெட்டிகளையும் யாருக்கு எவ்வளவு தருவது? இதற்குக் குடும்பச் சொத்து போன்ற ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. கணிப்பொறியைத் தொடங்கியவுடன் நினைவகத்தில் உட்கருவும், அடிப்படை இயக்க அமைப்பு எனப்படும் ஒரு செயலோட்டமும் மட்டுமே இருக்கும். மீதி வளங்கள் அனைத்தும் இந்த முதற்செயலோட்டத்தின் கையில். இயக்குநர் தட்டச்சுப் பொறியில் கட்டளை தந்தால், அது தன் பங்கிலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்துப் பிள்ளைச் செயலோட்டத்தைத் தோற்றுவிக்கும். பிள்ளையும் தன் பங்கிலிருந்து தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். தன்னிடம் இல்லாததை எவரும் தர இயலாது.

பெற்ற செயலோட்டமே பிள்ளையைத் தொடங்கவும் நிறுத்தவும் நீக்கவும் உரிமை பெற்றது. அதனை நிறுத்தினால் அதன் வழித்தோன்றல்களும் நிற்கும். நீக்கினால் அவற்றின் பங்குகள் மேலே திரும்பிவிடும். இவ்வாறு, ஒரு கிளையில் தொழிற்சாலைக் கண்காணிப்பும் மற்றொரு கிளையில் தொகுதிக் கணக்குகளும் தத்தமக்கு ஏற்ற கொள்கையோடு ஒரே பொறியில் நடைபெற முடிந்தது.

அளவும் நேரமும்

1970 ஏப்ரலில் அமெரிக்கக் கணிப்பொறிச் சங்க இதழில் பிரிஞ்ச் ஹான்சன் இவ்வமைப்பை விளக்கிக் கட்டுரை எழுதினார். அதில் தரப்பட்ட அளவுகள் இன்று வியப்பூட்டுகின்றன. ஆர்.சி. 4000-இன் நினைவகம் 24 பிட் கொண்ட சொற்களால் ஆனது. உட்கருவின் அடிப்படைச் செயல்கள் 2,400 சொற்கள். கருவிகளை இயக்கும் பகுதி 1,150 சொற்கள். செயலோட்டங்களின் குறிப்பேடுகளும் செய்திப் பெட்டிகளும் 1,250 சொற்கள். ஆக உட்கரு முழுவதும் 4,800 சொற்கள். அடிப்படை இயக்க அமைப்பின் 1,400 சொற்களையும் சேர்த்தால் 6,200. இன்றைய கணக்கில் இது 19,000 பைட்டுக்கும் குறைவு. கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைப் போல நூறு மடங்கு இடத்தை எளிதில் எடுத்துக்கொள்ளும்.

செய்தி அனுப்ப 0.6 மில்லி வினாடி, அதனைப் பெற 0.4, மறுமொழி அனுப்ப 0.6, அதனைப் பெற 0.4, ஒரு முழு உரையாடலுக்கு 2 மில்லி வினாடி ஆயிற்று. இந்நேரத்தில் சுமார் 500 கட்டளைகள் நிறைவேறியிருக்கும். இதில் கால் பங்கு, கேட்பது முறையானதா எனச் சரிபார்ப்பதற்கே செலவாயிற்று. பாதுகாப்புக்குக் கொடுத்த விலை இது. அவ்விலை எவ்வளவு என்பதை வடிவமைத்தவரே அளந்து வெளியிட்டது குறிப்பிடத்தக்கது.

குறைகள்

இவ்வமைப்பு குறையற்றதன்று. பிறர் நினைவிடத்தில் கைவைக்காமல் காக்க, ஆர்.சி. 4000-இல் ஒவ்வொரு நினைவுச் சொல்லுக்கும் ஒரு பாதுகாப்புக் குறி இடப்பட்டது. ஒரு செயலோட்டத்தைத் தொடங்கும்போது அதன் எல்லாச் சொற்களிலும் இக்குறியை எழுத வேண்டியிருந்தது. எனவே செயலோட்டத்தைத் தோற்றுவிக்க 3 மில்லி வினாடி போதுமாக இருக்க, தொடங்க 26 மில்லி வினாடியும் நீக்க 30 மில்லி வினாடியும் ஆயின. பொறியின் அமைப்பில் எடுத்த ஒரு முடிவு மென்பொருளின் வேகத்தை எவ்வாறு கட்டுப்படுத்துகிறது என்பதற்கு இது தக்க சான்று.

செய்திப் பெட்டிகளின் எண்ணிக்கை வரம்புக்குட்பட்டதால், அவை தீர்ந்த நிலையில் என்ன செய்வது என்பதைப் புரோகிராம் எழுதுவோரே சிந்திக்க வேண்டியிருந்தது. மேலும், உட்கரு கொள்கைகளை வெளியே விட்டுவிட்டதால், முழுமையான இயக்க அமைப்பை எழுதும் சுமை குறையவில்லை. இடம் மட்டுமே மாறியது. பின்னர் லாவசன் முதலியோர் இவ்வுட்கருவின் மேல் பாஸ் 2 என்னும் விரிவான இயக்க அமைப்பைக் கட்டினர். 1975-இல் அவர் எழுதிய கட்டுரையின்படி, அதன் உள்ளே கைகாட்டி முறையே கையாளப்பட்டது. தாமே எழுதிய, தமக்கு நம்பகமான பகுதிகளிடையே கைகாட்டி போதும். அயலார் எழுதியவற்றிடையே செய்திப் பரிமாற்றம் வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் உரிய இடத்தை இவ்விரு அனுபவங்களும் சேர்ந்து காட்டின.

விதைத்ததும் விளைந்ததும்

பிரிஞ்ச் ஹான்சன் 1970-இல் அமெரிக்கா சென்றார். 1973-இல் இயக்க அமைப்புகளின் கோட்பாடுகளைப் பற்றிய அவருடைய பாடநூல் வெளிவந்தது. 1975-இல் இணைநிகழ்வுப் புரோகிராம்களுக்கெனப் பாஸ்கல் மொழியை விரிவாக்கி அவர் ஒரு மொழியை அளித்தார். 2007-இல் அவர் காலமானார்.

அவர் குழுவின் மையக் கருத்து தொடர்ந்து வாழ்கிறது. மையத்தைச் சிறிதாக வைத்து, பிற பணிகளை வெளியே தனித்தனிச் செயலோட்டங்களாக்கி, அவற்றைச் செய்திகளால் இணைக்கும் அமைப்புக்குப் பிற்காலத்தில் நுண்கரு எனப் பெயர் ஏற்பட்டது. 1980-களில் தோன்றிய மாக், கியூ.என்.எக்ஸ்., மினிக்ஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. ஆர்.சி. 4000-இன் உட்கருவை இவற்றின் முன்னோடி எனப் பலரும் கருதுகின்றனர். பிழை நேர்ந்தால் உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து விளையும் இடங்களில், முழுவதையும் சரிபார்த்துவிடக்கூடிய அளவுக்குச் சிறிதான மையம் இருப்பது பெரும் நன்மை.

இந்தியாவிலும் ஏறத்தாழ இதே காலத்தில் சிறு கணிப்பொறி முயற்சி தொடங்கிற்று. அணுசக்தித் துறையின் கீழ் 1967-இல் ஐதராபாத்தில் அமைந்த இந்திய மின்னணுக் கழகம், 12 பிட் அளவுள்ள டி.டி.சி. 12 பொறியையும், 1970-களில் 16 பிட் அளவுள்ள டி.டி.சி. 316 பொறியையும் தயாரித்தது. நினைவகம் விலைமிக்கதாகவும் அந்நியச் செலாவணி அரிதாகவும் இருந்த அந்நாளில், நம் பொறியாளர்கள் எதிர்கொண்டதும் அடிப்படையில் இதே சிக்கல்தான்: இருக்கும் சிறு பொறியைக் கொண்டு பல பணிகளைப் பிழையின்றி நடத்துவது எவ்வாறு?

புவாவியின் உரத் தொழிற்சாலைக்காகத் தொடங்கிய வேலை இக்கேள்விக்குத் தந்த விடை எளிமையானது. எல்லாருடைய தேவையையும் முன்கூட்டியே ஊகித்து நிறைவேற்ற முயல்வதைவிட, ஒவ்வொருவரும் தம் தேவையைத் தாமே நிறைவேற்றிக்கொள்ள ஏற்ற, பாதுகாப்பான சில கருவிகளைத் தருவது மேல். மென்பொருளுக்கு மட்டுமன்றி, மையத்திலிருந்து வகுக்கப்படும் திட்டங்கள் பலவற்றுக்கும் இது பொருந்தும்.